எல்லை வகுப்பதற்கு முன் மீனைக் கணக்கிட வேண்டும்: எண்ணூர், பழவேற்காடு கடற்பகுதி குறித்து

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள கடலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தால் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் கரையேறும் மீன் பெருகுமா, நீருக்குள் இருக்கும் மீனை எவ்வாறு கணக்கிடுகிறார்கள், அப்படி அறிவித்தால் பைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர்களின் பிழைப்பு என்னாகும் என மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கணக்கு எப்படி வருகிறது என்பது விளங்காவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் யார் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதைச் சரிபார்க்க வழி இருக்காது.

கடலில் உள்ள மீனை நேரடியாக எவரும் எண்ணுவதில்லை. கரைக்கு வரும் மீனைப் பார்த்து, அதைப் பிடிக்கச் செலவான உழைப்பைப் பார்த்து, நீருக்குள் எஞ்சியிருப்பதைக் கணிக்கிறார்கள். இந்தியாவில் இந்தப் பணியை முதன்மையாகச் செய்வது 1947இல் தொடங்கப்பட்டு இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம். கடற்கரையை மண்டலங்களாகவும் மாதத்தைப் பத்துப் பத்து நாட்களாகவும் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த நாட்களில் இறங்குதளத்தில் ஆளை நிறுத்தி, எத்தனை படகுகள் வந்தன, அவற்றில் தேர்ந்தெடுத்த படகுகளில் எந்த இனம் எவ்வளவு வந்தது என்று எழுதி, அதைக் கொண்டு மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் மதிப்பிடுகிறார்கள். இந்திய மீன்வள அளவைத் துறையின் சென்னைத் தளம் இராயபுரம் மீன்பிடித் துறைமுக வளாகத்திலேயே இருக்கிறது; அவர்கள் தங்கள் கப்பலில் சென்று ஆழ்கடலில் வலைவிட்டுத் தனியாக அளக்கிறார்கள். ஆகவே வடசென்னையில் தரவே இல்லை என்று சொல்வது சரியல்ல. பல ஆண்டுத் தரவு உண்டு. ஆனால் அது மாநிலம், கடற்கரை, மீனினம் என்ற பெரிய அளவுக்குத் திட்டமிடப்பட்ட தரவு. நெட்டுக்குப்பத்துக்கு எதிரே உள்ள ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், மீன் கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு அதனால் பதில் சொல்ல இயலாது.

எடையை மட்டும் எழுதினால் போதாது என்பதால் நீளத்தையும் அளக்கிறார்கள். காசிமேட்டில் நள்ளிரவுக்குப் பின் ஏலம் தொடங்கும்போது இது நடப்பதைப் பார்க்கலாம். ஒரு விசைப்படகின் காணாங்கத்தைக் குவியலிலிருந்து பெரியது சிறியது என்று பொறுக்காமல் கைக்கு வந்தபடி ஒரு கூடை எடுத்து, ஒரு முனையில் தடுப்பு வைத்த அளவுப் பலகையில் மீனின் வாய் தடுப்பில் முட்டும்படி படுக்க வைத்து, வால் நுனி வரையா அல்லது வாலின் பிளவு வரையா என்று அந்த இனத்துக்கு வகுத்த முறைப்படி நீளத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். சிலவற்றின் வயிற்றைக் கீறி முட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். சங்கராவின் தலையைப் பிளந்தால் மூளைக்கு அடியில் வெள்ளையாக இரண்டு சிறு கற்கள் கிடைக்கும். அந்தச் செவிக்கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். குளிர்ந்த நாடுகளின் மீன்களில் அவை ஆண்டுக்கு ஒன்றாகத் தெளிவாக இருக்கும், நம் வெதுவெதுப்பான கடலில் மங்கலாகவே இருக்கும், அதனால்தான் நம் ஆய்வாளர்கள் நீள அளவுகளைப் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. வஞ்சிரம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்போதுதான் முதன்முறை முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது. முழங்கை நீள வஞ்சிரங்கள் கூடைகூடையாக ஏலத்துக்கு வந்தால், மொத்த எடை சென்ற ஆண்டைவிடக் கூடுதலாக இருந்தாலும், அடுத்த தலைமுறையை இப்போதே விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எடைக் கணக்கு இதைச் சொல்லாது. நீளக் கணக்குச் சொல்லும்.

இதைவிட முக்கியமானதும் மக்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வதும் உழைப்புக் கணக்குதான். ஒரு படகு பத்துக் கூடை கொண்டுவந்தது என்ற செய்தி, எத்தனை நாள் தங்கி, எத்தனை முறை மடி (இழுவை வலை) இழுத்து, எத்தனை பாக ஆழத்தில் பிடித்தது என்று தெரியாதவரை எதையும் சொல்வதில்லை. இரவு போய்க் காலையில் திரும்பிய படகுகள் இருந்த துறைமுகத்தில் இன்று பல நாட்கள் கடலில் தங்கும் படகுகள் இருக்கின்றன. எஞ்சினின் திறன் கூடியிருக்கிறது. எதிரொலிக் கருவியும் ஜிபிஎஸ்ஸும் வந்த பிறகு மீன் கூடும் இடத்துக்கு நேராகப் போய் நிற்க முடிகிறது. கடலில் மீன் பாதியாகக் குறைந்தபோதும் எஞ்சிய மீன் ஒரே இடத்தில் திரண்டு நிற்குமானால், அந்தத் திரளைத் தேடிப் போகும் படகுக்கு இழுவைக்கு இவ்வளவு என்ற கணக்குக் குறையாது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு நடந்தது இதுதான். வரத்து நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே ஆண்டுகள் போயின. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே அரசு நிறுத்த வேண்டி வந்தது, பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள், பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தக் கூட்டம் பழைய நிலைக்கு மீளவில்லை. நம் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் சங்காயம், அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன்கலவை, எடையாகப் பதிவாகிறதே தவிர, அதற்குள் சங்கராக் குஞ்சு எத்தனை, கிழங்கான் குஞ்சு எத்தனை, நண்டுக் குஞ்சு எத்தனை என்று பிரித்துப் பார்ப்பது எப்போதாவதுதான் நடக்கிறது. என் கருத்தில், வடசென்னைக் கடலின் எதிர்காலம் பற்றிய முக்கியமான செய்தி அந்தச் சங்காயக் குவியலுக்குள்தான் இருக்கிறது.

இனி, மீன்பிடிக்காத பகுதியை எப்படிக் கணக்கிடுவது? அங்கிருந்து மீன் கரைக்கு வராது என்பதால் இறங்குதளக் கணக்கு உதவாது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் ஆய்வாளர்கள் மூழ்கி, கயிறு கட்டிய ஒரு நேர்கோட்டில் நீந்தியபடி இருபுறமும் தெரியும் மீன்களை இனவாரியாக எண்ணுகிறார்கள். இரை கட்டிய நீரடிக் காமிராவை இறக்கி, ஒரே காட்சியில் ஓர் இனத்தின் அதிகபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்று குறிப்பது இன்னொரு முறை. இரண்டும் தெளிந்த நீருக்கு உரியவை. கொசஸ்தலையாறும் கூவமும் அடையாறும் வந்து விழும் நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி கலங்கல்தான். கை நீட்டினால் விரல் தெரியாத நீரில் காமிரா என்ன செய்யும்? ஒரு வாளி கடல்நீரை வடிகட்டி அதில் மிதக்கும் மரபணுத் துகள்களைக் கொண்டு இனங்களை அறியும் முறை கலங்கலிலும் பயன்படும். ஆனால் அது எந்த இனம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று இன்னும் நம்பும்படி சொல்வதில்லை. நீரோட்டம் வேறிடத்திலிருந்து கொண்டுவந்த துகளா என்ற ஐயமும் இருக்கும். ஆகவே இங்கே நம்பத் தகுந்த வழி சோதனை வலைவிடுதல்தான்: ஒரே கண் அளவு, ஒரே நீளம் கொண்ட வலைகளை, குறித்த இடங்களில், குறித்த நேரம் மட்டும், மாதந்தோறும் விட்டு, வந்ததை எண்ணி, அளந்து, உயிருள்ளதைத் திரும்ப விடுவது. இதை ஆய்வாளர் தனியாகச் செய்ய முடியாது. எந்த நீரோட்டத்தில் வலை நிற்கும், எந்தப் பாரில் வலை சிக்கிக் கிழியும் என்பது அந்தக் குப்பத்துக்காரருக்கே தெரியும்.

இந்தச் சோதனை எல்லை அறிவிக்கப்படுவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எல்லைக்குள் மட்டுமன்றி, அதே ஆழமும் அதே அடித்தரையும் கொண்ட, மீன்பிடிப்பு தொடரும் வேறோர் இடத்திலும் அதே நாட்களில் நடக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஆய்வை நான் ஏற்க மாட்டேன். காரணத்தை மத்தி மீன் காட்டுகிறது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021இல் 3,297 டன்தான் இறங்கியது. மழை, நீரின் வெப்பம், மிதவை உயிர்களின் வளம், குஞ்சு பிடிப்பு ஆகிய பலவும் சேர்ந்த ஏற்ற இறக்கம் அது. 1980களுக்கு முன் நம் கிழக்குக் கரையில் மத்தி அரிது. பின்னர் வட தமிழகக் கரையில் பெருந்திரளாக வரத் தொடங்கியது. இத்தகைய மீன் பெருகும் ஆண்டில் ஒரு பகுதியை மூடியிருந்தால் மூடியதால் பெருகியது என்பார்கள். குறையும் ஆண்டில் மூடியிருந்தால் மூடியும் பயனில்லை என்பார்கள். இரண்டுமே ஆதாரமற்றவை. ஒப்பிடும் இடம் இருந்தால்தான் கடலின் இயல்பான மாற்றத்தையும் பாதுகாப்பின் பலனையும் பிரித்தறிய முடியும்.

இப்போது முதல் கேள்வி. மீன் பெருகுமா என்பது எந்த மீன் என்பதைப் பொறுத்தது. மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995இல் கடற்பூங்கா அமைந்து, அவ்வூர் மக்களே அதைக் காவல் காத்ததில், 1999 முதல் 2009 வரையிலான பத்தாண்டுகளில் மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியது. அது பாறைத்தொடர், அங்கே பெருகியவற்றில் பெரும்பாலானவை பாறையை விட்டு அதிகம் நகராத மீன்கள். நம் கடலிலும் கலவா, சங்கரா, சிங்கி இறால் போன்று பாரைச் சார்ந்து வாழ்பவை உண்டு. அவை இருக்கும் பாரை மூடினால் அவை பெரிதாக வளர்ந்து, முட்டையும் குஞ்சும் சுற்றுக்கடலுக்குப் பரவ வாய்ப்புண்டு. பல இனங்களில் ஒரு பெரிய தாய்மீன் இடும் முட்டைகள், அதே எடைக்குச் சமமான சிறு தாய்மீன்கள் சேர்ந்து இடுவதைவிடக் கூடுதல் என்பதால் இந்தப் பலன் சிறிதன்று. ஆனால் காணாங்கத்தை, கவலை, மத்தி, வஞ்சிரம் ஆகியவை கரையோரமாக நெடுந்தொலைவு ஓடும் மீன்கள். சில சதுர கிலோமீட்டர் எல்லை அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றுக்குக் கண் அளவும் காலத் தடையும் படகு எண்ணிக்கைக் கட்டுப்பாடும்தான் மருந்து.

வடசென்னைக்கு உண்மையில் பெரும்பலன் தரக்கூடிய பாதுகாப்பு கடலுக்குள் இல்லை, கழிமுகத்தில் இருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் நுண்குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக எண்ணூர்க் கழிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் வந்து, சேற்றிலும் கண்டல் வேரடியிலும் சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. மடவையும் கொடுவாவும் சேற்று நண்டும் தத்தம் வழியில் இந்தக் கழியை நம்பியே வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் நன்றாகத் திறக்காத ஆண்டில் பழவேற்காட்டு ஏரியில் இறால் குறைவதை அங்குள்ள எவரும் சொல்வார்கள். இந்த நாற்றங்காலை அழித்துவிட்டுக் கடலில் வலையைத் தடுப்பதால் பயனில்லை. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிக்கு வந்து, வலைகளிலும் படகுகளிலும் கண்டல் மரங்களிலும் படிந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் ஆழத்தையே குறைத்திருக்கிறது. இவை போதாதென்று, அமெரிக்கக் கண்டத்துக் கரைகளிலிருந்து வந்த ஒரு சிப்பி, நம்மவர்கள் காக்கா ஆழி என்று அழைப்பது, கழியின் தரையைக் கம்பளம்போல் மூடி, இறால் புதைந்து வாழும் சேற்றையும் உள்ளூர் மட்டியின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட மீனவர் செய்ததன்று. மீன்பிடித் தடையால் இவற்றில் ஒன்றும் தீரப்போவதுமில்லை. ஆகவே இங்கே எந்தப் பாதுகாப்பு அறிவிப்பு வந்தாலும், வலைக்கு என்ன விதி என்று கேட்பதற்கு முன், கழிவுநீருக்கும் சாம்பலுக்கும் தூர்வாரலுக்கும் துறைமுக விரிவாக்கத்துக்கும் அதே எல்லைக்குள் என்ன விதி என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத அறிவிப்பால் மீன் பெருகாது.

ஏற்கெனவே உள்ள விதிகள் குறைந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. இழுவை மடியின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை முடிந்த முதல் வாரத்தில் காசிமேட்டில் மீன் குவிவதைக் காட்டித் தடை வெற்றி என்று செய்தி வரும். இரண்டு மாதம் பிடிக்காமல் இருந்த மீன் முதல் வாரத்தில் சேர்ந்து வருவது இயல்பு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வரும் மீனின் நீளம் என்ன என்பதே சரியான கேள்வி. ஐந்து கடல்மைல் விதி மட்டும் முழுமையாக நடைமுறைக்கு வருமானால், நம் கரையோரம் முழுவதுமே இழுவை மடிகளிடமிருந்து காக்கப்பட்ட ஒரு நீளமான பகுதியாகிவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்ற கேள்வியே முன்னுக்கு வந்தது. விசைப்படகுகளில் பொருத்தப்படும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் எந்தப் படகு எங்கே இருந்தது என்பதைக் காட்டக்கூடியவை. அந்தத் தரவு குப்பத்து மக்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வியான பிழைப்புக்கு வருகிறேன். சட்டத்தில் பல வடிவங்கள் உண்டு. தேசியப் பூங்காவே மிகக் கடுமையானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. காலங்காலமாகத் தீவோரங்களில் கடற்பாசி எடுத்துவந்த பெண்கள் அதனால் பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளானார்கள். பின்னர் அந்தப் பெண்களே தங்களுக்குள் கூடி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று வரம்பு வகுத்துக்கொண்டார்கள். வளத்தைக் காக்கும் அறிவும் கட்டுப்பாடும் அவர்களிடம் இருந்ததற்கு அதுவே சான்று. சரணாலயம் என்றால், கடலைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு சொல்கிறது. எல்லை பற்றிப் பேசும் கூட்டத்தில் இந்தப் பிரிவை எடுத்துக்காட்ட நீங்கள் தயங்க வேண்டாம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த பாதுகாப்புக் காப்பகம் என்ற வடிவம் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகு அறிவிக்கப்படுவது, அவர்களுக்கும் மேலாண்மைக் குழுவில் இடம் தருவது. 2022இல் பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் அமைந்த கடற்பசுக் காப்பகம் அந்த வகையைச் சேர்ந்தது. வடசென்னைக்கு ஏதாவது பொருந்துமானால் இந்த வடிவமே பொருந்தும்.

பழவேற்காட்டில் பாடு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்தை அடுத்த நல்ல இடங்களில் இறாலுக்கு வலைகட்டும் உரிமையை ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. யார், எங்கே, எந்த நாளில், எந்த வலையோடு என்ற நான்கையும் ஓர் ஊர்க் கூட்டம் முடிவு செய்து நடைமுறைப்படுத்துவதைவிட நுட்பமான மீன்வள மேலாண்மை வேறெங்கும் இல்லை. அதே சமயம், பாடு முறையில் இடமில்லாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, பாடு உரிமையும் இல்லை. கரையோரத்தில் ஒரு கோடு போட்டால் முதல் நாளே வேலை இழப்பவர்கள் அவர்கள்தான். கூட்டத்துக்கு அழைக்கப்படாமல் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களின் நிலையும் இதுவே. எந்தக் குழு அமைந்தாலும் இவர்களுக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அறிவிப்பு வருமா வராதா என்று காத்திருக்காமல் நீங்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் குப்பத்தில் இறங்கும் படகுகளில் சிலவற்றை ஒவ்வொரு வாரமும் குலுக்கலில் தேர்ந்து, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், வலையின் வகையும் கண் அளவும், வலைவிட்ட ஆழம் பாகத்தில், காற்றின் திசை, நீர் தெளிவா கலங்கலா என்பவற்றை எழுதுங்கள். பிறகு காணாங்கத்தை, சங்கரா, கிழங்கான், வெள்ளை இறால், நண்டு என ஐந்தாறு இனங்களை மட்டும் தேர்ந்து, கைக்கு வந்தபடி எடுத்த ஒரு கூடையை அளவுப் பலகையில் அளந்து எழுதுங்கள். மீனே வராத நாளையும் விடாமல் எழுத வேண்டும். வெறும் வலையோடு திரும்பிய நாட்கள் விடுபட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். சினை நண்டு, ஆமை, எண்ணெய்ப் படலம், இறந்து மிதக்கும் மீன் ஆகியவற்றைத் தேதியோடும் இடத்தோடும் தனிப் பக்கத்தில் குறியுங்கள். எண்ணூரில் ஒரு குப்பமும் அதிலிருந்து விலகிய வடக்கே ஒரு குப்பமும் ஒரே முறையில் இதைச் செய்தால், நான் மேலே சொன்ன ஒப்பீட்டு இடமும் கிடைத்துவிடும். மூன்று ஆண்டுகள் விடாமல் எழுதிய அத்தகைய பதிவேட்டை எந்த ஆய்வு நிறுவனமும் தள்ளிவிட முடியாது. எல்லை எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்று பேச நீங்கள் அமரும்போது, அந்த மேசையில் உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். அளவுப் பலகை செய்யும் முறையும் பதிவேட்டின் மாதிரிப் பக்கமும் வேண்டுமானால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.